கோலிக்கு ஒரு விருது கொடுங்கப்பா!

தலைப்பைப் பாத்துட்டு விராட் கோலி ரசிகர்கள் யாரும் கிளம்பி வந்துடாதீங்க :-) அவருக்கு 2017-ல பத்மஸ்ரீ, 2018-ல கேல் ரத்னா எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு. நான் சொல்றது வேற கோலி. எங்க கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி கிரவுண்டுல கால்ல பேடைக் கட்டிக்கிட்டு, கோல் போஸ்டுக்கு நடுவுல தனியா நிப்பானே, அவனைத்தான் நாங்க கோலின்னு கூப்பிடுவோம். கோல்கீப்பர்னு முழுசா சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கு?

முதல்ல ஒரு கேள்வி. கூகிளாண்டவரைக் கேக்காம பதில் சொல்லணும். சென்னையில இருந்து போயி மூணு ஒலிம்பிக்ஸ்ல மூணு தங்கப் பதக்கம் வாங்கிட்டு வந்த ஹாக்கிக்காரர் யாரு?

தெரியலைன்னா வருத்தப்படாதீங்க. இந்தக் கேள்வியை இங்க துபாய்ல என்கூட முதுகலை படிக்கிற ஏழு தமிழ்ப் பசங்ககிட்ட கேட்டேன். அஞ்சு பேர் தன்ராஜ் பிள்ளைன்னாங்க. ஒருத்தன் பாஸ்கரன்னான். இன்னொருத்தன் "சென்னையிலயா? மூணா? சும்மா கதை விடாத"ன்னான். தன்ராஜ் நாலு ஒலிம்பிக்ஸ் ஆடியும் பதக்கம் இல்லை. பாஸ்கரன் 1980 மாஸ்கோ தங்கத்துக்குத் தலைவர், ஆனா அது ஒரு தங்கம். மூணு தங்கக்காரர் பேரு ரங்கநாதன் ஃபிரான்சிஸ். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன். கோல்கீப்பர்.

கோல்கீப்பர்ங்கிறதாலதான் தெரியலைன்னு நான் சொல்றேன். இந்தப் பதிவோட சாரம் அவ்வளவுதான். நேரம் இல்லாதவங்க இங்கயே ஒரு பின்னூட்டத்தைப் போட்டுட்டுக் கிளம்பலாம். மத்தவங்க வாங்க, கொஞ்சம் கணக்குப் பாப்போம்.

ஏழு பேர் கணக்கு

இந்தியாவுக்காக மூணு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க மொத்தமே ஏழு பேர்தான். ஏழு பேருமே ஹாக்கிக்காரங்க. தியான் சந்த், ரிச்சர்ட் ஆலன், லெஸ்லி கிளாடியஸ், உதம் சிங், பல்பீர் சிங் சீனியர், ரந்தீர் சிங் ஜென்டில், நம்ம ரங்கநாதன் ஃபிரான்சிஸ்.

இப்ப இவங்கள்ல யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு பாருங்க.

தியான் சந்த் - முன்கள ஆட்டக்காரர் - 1956-ல பத்மபூஷண்.
பல்பீர் சிங் - முன்களம் - 1957-ல பத்மஸ்ரீ.
உதம் சிங் - முன்களம் - 1965-ல அர்ஜுனா.
கிளாடியஸ் - நடுக்களம் - 1971-ல பத்மஸ்ரீ.
ஜென்டில் - பின்களம் - ஒண்ணும் இல்லை.
ஆலன் - கோல்கீப்பர் - ஒண்ணும் இல்லை.
ஃபிரான்சிஸ் - கோல்கீப்பர் - ஒண்ணும் இல்லை.

மைதானத்துல எதிராளி கோலுக்குப் பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் விருது. நம்ம கோலுக்குப் பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் பட்டை நாமம். யாரோ ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு பாத்தீங்களா? இத்தனைக்கும் 1956 இறுதி ஆட்டத்துல பாகிஸ்தானை 1-0ன்னு ஜெயிச்சோமே, அந்த ஒரே கோலை அடிச்சது பின்களத்து ஜென்டில்தான். கோல் அடிச்சும் புண்ணியம் இல்லை மனுஷனுக்கு.

தனிப்பட்ட யாரோ சதி பண்ணிட்டாங்கன்னு நான் சொல்லலை. சதியா இருந்தா ஒரு ஆளைப் பிடிச்சுத் திட்டிட்டுப் போயிடலாம். இது பார்வைக் கோளாறு. அடிச்ச கோலுக்கு ஸ்கோர் போர்டுல இடம் இருக்கு. தடுத்த கோலுக்கு எங்க இடம் இருக்கு?

"அட, அந்தக் காலத்துல கோலிக்கு என்னய்யா வேலை?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். ஞாயமான கேள்வியும் கூட. அந்த மூணு ஒலிம்பிக்ஸ்லயும் சேத்து இந்தியா ஆடினது 13 ஆட்டம். அடிச்சது 76 கோல். வாங்கினது வெறும் 4. 1948-ல ரெண்டு, 1952-ல ரெண்டு, 1956-ல சுத்தமா பூஜ்யம் (38-0!). இப்படி ஆடுற டீமுக்குக் கோலியா நான்கூட நிப்பேனேன்னு தோணும்.

இன்னொரு உண்மையையும் நானே சொல்லிடுறேன், அப்புறம் யாராவது வந்து மடக்குவீங்க. அந்த நாலு கோல் கணக்கு முழுசும் ஃபிரான்சிஸ் ஒருத்தருக்கே சொந்தம் இல்லை. 1948-ல லியோ பின்டோவும் இருந்தார். 1956-ல ஷங்கர் லக்ஷ்மண் இருந்தார். அவங்களோட இடத்தைப் பகிர்ந்துக்கிட்டுத்தான் ஃபிரான்சிஸ் ஆடினார். 1952 ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்துல கோல்ல நின்னது அவர்தான். நெதர்லாந்தை 6-1ன்னு அடிச்ச ஆட்டம். பல்பீர் சிங் அதுல அஞ்சு கோல் போட்டார். அந்த அஞ்சு கோலைப் பத்தி எழுதாத பேப்பர் இல்லை, அது எழுத வேண்டியதும்தான். ஆனா அந்த ஆட்டத்துல கோலி யாருன்னு எத்தனை பேர் எழுதினாங்க?

சரி, வேலையே இல்லாத கோலிக்கு எதுக்கு விருது? என் பதில் மூணு.

ஒண்ணு, எல்லா ஆட்டமும் 16-0 ஆட்டம் இல்லை. 1948 அரையிறுதி நெதர்லாந்தோட 2-1. 1956 அரையிறுதி ஜெர்மனியோட 1-0, இறுதி ஆட்டம் பாகிஸ்தானோட 1-0. ஒரே ஒரு பந்து உள்ள போயிருந்தா கதையே வேற. ஒண்ணுக்குப் பூஜ்யம்னு ஒரு ஆட்டம் முடிஞ்சா, அந்த ஒண்ணுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு அந்தப் பூஜ்யத்துக்கும் உண்டு. நான் இங்க படிக்கிறது டேட்டா சயின்ஸ். எங்க வாத்தியார் முதல் வாரமே சொன்னது: நடந்ததை மட்டும் எண்ணாதே, நடக்காததையும் எண்ணு.

ரெண்டு, ஐம்பது நிமிஷம் பந்தே வராம நின்னுட்டு, அம்பத்தொண்ணாவது நிமிஷம் வர்ற ஒரே பந்தைப் பிடிக்கிறது இருக்கே, அது நிமிஷத்துக்கு ஒரு பந்து பிடிக்கிறதை விடக் கஷ்டம். கோலியா நின்னவனைக் கேளுங்க. பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் நின்னேன். வேலை இல்லாத நாள்லதான் பயமே வரும்.

மூணாவது, இதுதான் எனக்கு முக்கியம். 1948-ல அவருக்கு வயசு 28. 1956-ல 36. எட்டு வருஷத்துல தலைவர்கள் மாறினாங்க: கிஷன் லால், பாபு, பல்பீர் சிங். அணியே தலைகீழா மாறுச்சு. அந்தக் காலத்துல இந்திய ஹாக்கி அணியில இடம் பிடிக்கிறது ஒலிம்பிக்ஸ்ல ஜெயிக்கிறதை விடக் கஷ்டம்னு சொல்லுவாங்க. நாடு முழுக்கக் கோலிகள் வரிசையில நிக்கறப்போ, மூணு தடவை தேர்வுக்குழு உக்காந்து மூணு தடவையும் மெட்ராஸ்காரரைக் கூப்பிட்டிருக்கு. வேலை இல்லாத இடத்துக்குத் தண்டத்துக்கா கூப்பிடுவாங்க?

"அர்ஜுனாவே அப்போ கிடையாதே"

அடுத்த ஆட்சேபம். அர்ஜுனா விருது ஆரம்பிச்சது 1961-ல. ஃபிரான்சிஸ் கடைசியா ஒலிம்பிக்ஸ் ஆடினது 1956. அதனால அர்ஜுனா கிடைக்கலைன்னா அது விதிப்பயன், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஒத்துக்கறேன்.

பத்ம விருதுகள் 1954-லயே வந்தாச்சே. தியான் சந்த் ஆட்டத்தை விட்டுப் பல வருஷம் கழிச்சு 1956-ல பத்மபூஷண் வாங்கினார். கிளாடியஸ் கடைசி ஒலிம்பிக்ஸ் ஆடி 11 வருஷம் கழிச்சு 1971-ல பத்மஸ்ரீ வாங்கினார். ஆக, பழைய ஆட்டக்காரரைத் திரும்பிப் பாக்கிற வழக்கம் இல்லாமல் இல்லை. ஃபிரான்சிஸ் இறந்தது 1975 டிசம்பர்ல. மூணாவது தங்கத்துக்கு அப்புறம் பத்தொம்பது குடியரசு தினம் வந்து போச்சு. பத்தொம்பது பட்டியல்லயும் இடம் இல்லை.

அர்ஜுனா வந்த பிறகாவது கோலிகளுக்கு விடிஞ்சுதா? 1961-ல இருந்து 1980 வரைக்கும் ஆண்கள் ஹாக்கிக்கு அர்ஜுனா வாங்கினவங்க பட்டியலை எடுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட இருபது பேர். அதுல கோல்கீப்பர் ஒரே ஒருத்தர். 1964-ல ஷங்கர் லக்ஷ்மண். அவ்வளவுதான். 1975 கோலாலம்பூர்ல நாம உலகக் கோப்பையை ஜெயிச்சோமே, அந்த அணியோட கோலி அசோக் திவானுக்கு ஒரு தேசிய விருது வர 2002 ஆச்சு. 27 வருஷம் கழிச்சு, வாழ்நாள் சாதனைக்கான தியான் சந்த் விருது.

கண்ணூர்க்காரர் கதை

ஃபிரான்சிஸ் கதை அறுபது எழுபது வருஷத்துப் பழசு, இப்போ எல்லாம் மாறியிருக்கும்னு நினைக்கிறவங்களுக்காக இன்னொருத்தர்.

என் சித்தப்பா இருக்கறது சோனாப்பூர்ல. துபாய் தெரியாதவங்களுக்காக: முஹைஸ்னா-2ன்னு மேப்புல போட்டிருக்கும், யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. கம்பெனி கேம்ப்புகள் வரிசை வரிசையா நிக்கற இடம். சோனாப்பூர்னா ஹிந்தியில தங்க ஊர். எவன் வெச்ச பேரோ, ரொம்ப நக்கல் பிடிச்சவன். லீவு நாள்ல நான் அங்க போயிடுவேன். என் ஹாஸ்டல் சாப்பாட்டை விட கேம்ப் மெஸ் மீன் குழம்பு எவ்வளவோ மேல்.

அங்க ஒரு விசேஷம், கிரிக்கெட் பேச ஆரம்பிச்சா இந்தியா பாகிஸ்தான்னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சத்தம் போடுவாங்க. ஹாக்கி பேச ஆரம்பிச்சா ஒரே கட்சி. சித்தப்பா கம்பெனி பஸ் ஓட்டுற பட்டான் பாய்... (பாகிஸ்தான்காரர் யாரா இருந்தாலும் நம்மாளுங்களுக்குப் பட்டான்தான். இவர் பஞ்சாபி, கோஜ்ராக்காரர்.) நமக்குக் கோவில்பட்டி மாதிரி அவங்களுக்கு கோஜ்ரா. சின்ன ஊர், ஆனா தெருவுக்கு ஒரு ஹாக்கிக்காரன். நான் கோவில்பட்டின்னதும், ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பாஷை ஹாக்கி மட்டும்தான்னு ஆகிப் போச்சு. அதே ரூம்ல ஒரு கண்ணூர்க்காரச் சேட்டன். அவர் மூலமாத்தான் மேனுவல் ஃபிரெடரிக் பேச்சு வந்தது.

மேனுவல் ஃபிரெடரிக். கண்ணூர்க்காரர். ராணுவத்துல இருந்து வந்த கோல்கீப்பர். 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் வாங்கின அணியில இருந்தார். லீக் சுற்றுல இந்தியா தோக்கவே இல்லை. அரையிறுதியில பாகிஸ்தான்கிட்ட 0-2ன்னு தோத்து, வெண்கலத்துக்கான ஆட்டத்துல நெதர்லாந்தை 2-1ன்னு ஜெயிச்சாங்க. கேரளத்துல இருந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் ஆள் அவர்தான். 1973 உலகக் கோப்பையில வெள்ளி வாங்கின அணியிலயும் இருந்தார். பயம்னா என்னன்னே தெரியாத கோலி, நெத்தியாலயே பந்தை நிறுத்துவார்னு சேட்டன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

நெத்தியாலங்கிறதைச் சும்மா கடந்து போயிடாதீங்க. ஹாக்கிப் பந்து 160 கிராம் சுமாருக்கு இருக்கும், கல்லு மாதிரி. கோல் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். இன்னைக்கு ஒரு கோலி உள்ள இறங்கறப்போ ஹெல்மெட், நெஞ்சுக்கவசம், தடிமனான ஃபோம் பேடுன்னு விண்வெளிக்குப் போற மாதிரி இருப்பான். அந்தக் காலத்துல கிரிக்கெட் பேடு மாதிரி ஒரு கால் பேடு, ஒரு கையுறை. மூஞ்சிக்கு ஒண்ணும் கிடையாது. மூஞ்சிதான் மூஞ்சிக்குக் கவசம்.

அந்த 1972 அணியில இருந்தவங்க எத்தனை பேர் அர்ஜுனா வாங்கினாங்க பாருங்க: அஜித்பால் சிங் (1970), நம்ம சென்னை கிருஷ்ணமூர்த்தி (1971), மைக்கேல் கிண்டோ (1972), கணேஷ் (1973), அசோக் குமார் (1974), கோவிந்தா (1975), ஹர்சரண் சிங். எல்லாருமே தகுதியானவங்க, ஒருத்தரையும் குறை சொல்லலை. ஆனா இதுல கோலி இல்லை. மேனுவல் ஃபிரெடரிக்குக்கு அர்ஜுனா வரவே இல்லை. தியான் சந்த் விருது வந்தது 2019-ல. பதக்கம் வாங்கி 47 வருஷம் கழிச்சு. வாங்கறப்போ அவருக்கு எழுபது தாண்டியாச்சு. அந்த வருஷம் அந்த விருதுக்குப் பணம் அஞ்சு லட்சம். அடுத்த வருஷமே அதைப் பத்து லட்சம் ஆக்கினாங்க. கோலிக்கு எப்பவும் நேரம் அப்படித்தான் :-(

2021-ல டோக்கியோவில ஸ்ரீஜேஷ் வெண்கலம் வாங்கினார் இல்லையா, 49 வருஷத்துக்கு அப்புறம் கேரளத்துக்கு ரெண்டாவது பதக்கம். அப்போ இங்க வளைகுடாவுல மருத்துவமனைத் தொழில் நடத்துற டாக்டர் ஷம்ஷீர் வயலில் ஸ்ரீஜேஷுக்கு ஒரு கோடி ரூபா அறிவிச்சார். கையோட மேனுவல் ஃபிரெடரிக்குக்கும் பத்து லட்சம் அறிவிச்சார். கேம்ப்ல சேட்டன் ரொம்பப் பெருமையாச் சொன்ன விஷயம் இது. எனக்கு ரெண்டும் கலந்து தோணுச்சு. பழைய கோலியை ஞாபகம் வெச்சதுக்குப் பெரிய மனசு வேணும். ஆனா ஒரு கோலி ஜெயிச்சாத்தான் அதுக்கு முந்தின கோலி ஞாபகத்துக்கே வர்றார்ங்கிறதும் அதுல இருக்கு.

2025 அக்டோபர் 31-ம் தேதி அவர் இறந்துட்டார். 78 வயசு. உயிரோட இருந்தவரைக்கும் பத்மஸ்ரீ வரலை. இனி யார் என்ன கொடுத்தாலும் அவர் கை நீட்டி வாங்கப் போறதில்லை.

உலகம் பூரா இதே கதைதான்

நம்ம ஊரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கால்பந்துல பாலன் தோர் விருது 1956-ல ஆரம்பிச்சது. அதை வாங்கின ஆண் கோல்கீப்பர் ஒரே ஒருத்தர், 1963-ல சோவியத் நாட்டு லெவ் யாஷின். அமெரிக்காவுல கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு ஹோபி பேக்கர்னு ஒரு பெரிய விருது இருக்கு, 1981-ல ஆரம்பிச்சது. 2025 வரைக்கும் அதை வாங்கின கோலிகள் மூணே பேர், 1988, 2001, 2022. இத்தனைக்கும் ஐஸ் ஹாக்கியில கோலி நல்லா இல்லைன்னா டீமே இல்லைன்னு அவங்களே சொல்லிக்குவாங்க. வருஷா வருஷம் "இந்தத் தடவையாவது அந்தக் கோலிக்குக் கொடுங்க"ன்னு கல்லூரிப் பசங்க எழுதிக்கிட்டே இருப்பாங்க. கொடுக்கறது என்னவோ கோல் அடிச்சவனுக்குத்தான்.

இதுக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சாங்க. கோலிக்குத் தனி விருது. உலக ஹாக்கி சம்மேளனம் 2014-ல இருந்து கோல்கீப்பருக்குத் தனியா கொடுக்குது. 2021, 2022, 2024-ல ஸ்ரீஜேஷ் வாங்கினார். ஹாக்கி இந்தியாவும் வருஷத்தோட சிறந்த கோல்கீப்பருக்கு பல்ஜித் சிங் பேர்ல ஒரு விருது வெச்சிருக்கு. பல்ஜித் யாருன்னா, 2009-ல புனே பயிற்சி முகாம்ல பந்து பட்டுக் கண்ணுல அடிபட்டு ஆட்டத்தையே இழந்த கோலி. பேரு வெச்சதுல அர்த்தம் இருக்கு. தனி வரிசைன்னு ஒண்ணு வந்த பிறகுதான் ஸ்ரீஜேஷ் மாதிரி ஆளுங்க கேல் ரத்னா (2021), பத்மபூஷண் (2025) வரைக்கும் போனாங்க. எண்ண ஆரம்பிச்சாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

சித்தப்பா சொன்னது

சித்தப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில சேஃப்டி ஆபீசர். இந்த மேட்டரை அவர்கிட்ட விளக்கினப்போ சிரிச்சார். "ஏலேய், இது என் பொழப்பு இல்லையா?"ன்னார். சைட்ல வேகமாக் கான்கிரீட் போட்டு மாடி ஏத்தினவனுக்குக் கைதட்டல் உண்டு, போனஸ் உண்டு. இன்னைக்கு ஒருத்தனும் மேல இருந்து விழலைங்கிறதுக்கு யாரும் கேக் வெட்ட மாட்டாங்க. வாசல்ல ஒரு போர்டு இருக்கும், விபத்து இல்லாம இத்தனை நாள்னு. ஒரு நாள் ஒண்ணு நடந்தா அது பூஜ்யத்துக்குப் போகும். அப்போதான் எல்லாரும் அவரைத் தேடுவாங்க, "நீ என்ன பண்ணிட்டிருந்த?"ன்னு கேக்க.

கோலிக்கும் அதேதான். அவன் பேரை ஸ்பீக்கர்ல சொன்னா, பெரும்பாலும் கோல் விழுந்திருக்கும்.

சோனாப்பூர்ல இன்னொரு கட்டடமும் இருக்கு. இங்க இறந்து போறவங்க உடம்பை ஊருக்கு அனுப்ப மருந்து ஏத்தித் தயார் பண்ற இடம். அந்த வாசல்ல தாள்களோட காத்து நிக்கறவங்களை ரெண்டு மூணு தடவை பாத்திருக்கேன். இறந்தவர் முழுப்பேரு என்னன்னு கூட இருந்தவங்களே அன்னைக்குத்தான் பாஸ்போர்ட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க. ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்க அவர் சாகற வரைக்கும் காத்திருக்கிற வழக்கத்தை எங்கயாவது நிறுத்தணும். அதுக்குத்தான் இவ்வளவும் எழுதறேன்.

சரி, என்னதான் பண்ணலாம்ங்கிற?

புலம்பிட்டு மட்டும் போனா நீங்க என்னை மொக்கைன்னு சொல்லிடுவீங்க. எனக்குத் தோணினது நாலு.

முதல்ல ஃபிரான்சிஸ். பத்ம விருது விதிப்படி இறந்தவங்களுக்குப் பொதுவா கொடுக்கறதில்லை. ரொம்பத் தகுதியான ஆளா இருந்து, இறந்து ஒரு வருஷத்துக்குள்ள இருந்தா யோசிப்பாங்க. ஆக 1975-ல போனவருக்கு அந்தக் கதவு மூடியாச்சு. தமிழ்நாட்டுக்கு அந்த விதி எதுவும் கிடையாதே? மாநிலப் போட்டிகள்ல சிறந்த கோல்கீப்பருக்கு ரங்கநாதன் ஃபிரான்சிஸ் பேர்ல ஒரு விருது வைக்கலாம். எங்க கோவில்பட்டியில லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு இந்தியா முழுக்க இருந்து அணிகள் வருது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல 2023-ல ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்துச்சு. 2025 கடைசியில ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்துச்சு. அதுல பெல்ஜியத்தை ஷூட்அவுட்ல ஜெயிச்சது கோலி பிரின்ஸ்தீப் சிங் தடுத்த தடுப்புகளாலதான். பயிற்சியாளர் யாருன்னா ஸ்ரீஜேஷ். எழும்பூர்ல உக்காந்து அந்தக் கோலிக்குக் கைதட்டின சனத்துக்கு, இதே ஊர்ல மூணு தங்கம் வாங்கின கோலி ஒருத்தர் இருந்தார்னு ஒரு போர்டாவது சொல்ல வேண்டாமா?

ரெண்டாவது, உயிரோட இருக்கறவங்க. 1970-கள்ல, 80-கள்ல ஆடின கோலிகளும் பின்களத்துக்காரங்களும் இப்போ எழுபதைத் தாண்டிட்டிருக்காங்க. பத்ம விருதுக்கு யார் வேணும்னாலும் யாரை வேணும்னாலும் பரிந்துரைக்கலாம், இணையத்துலயே. மந்திரி தயவு வேண்டாம், 800 வார்த்தைக்குள்ள அவர் என்ன பண்ணினார்னு எழுதினாப் போதும். மக்களே, 800 வார்த்தை! சினிமா விமர்சனத்துக்கே நாமெல்லாம் ரெண்டாயிரம் வார்த்தை எழுதறவங்க :-) ஒவ்வொருத்தரும் தங்க ஊர்ல ஒரு பழைய ஆட்டக்காரரைத் தேடிப் பிடிச்சு எழுதினா என்ன குறைஞ்சு போயிடும்?

மூணாவது, எண்ணுங்க. பள்ளி, கல்லூரிப் போட்டிகள்ல ஸ்கோர் ஷீட்ல கோல் அடிச்சவன் பேரும் நிமிஷமும் எழுதறாங்க. கோலி எத்தனை தடுத்தான்னு ஒரு கட்டம் சேருங்க. பைசா செலவில்லை. எங்க பக்கத்துல இருந்து மாரீஸ்வரன், அரியலூர்ல இருந்து கார்த்தி எல்லாம் 2022-ல இந்திய அணிக்குப் போனாங்க, ரெண்டு பேரும் முன்களம். கோலியா நிக்கற பையனுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்தாத்தான் தேர்வுக்குழு கண்ணுல படுவான். "நல்லா நின்னான்"ங்கிறதை வெச்சுக்கிட்டு யார் எடுப்பா?

நாலாவது, நாம பேசறதை மாத்தணும். ஒரு ஆட்டத்தைப் பத்திச் சொல்றப்போ "யார் அடிச்சா?"ன்னு கேட்ட பிறகு "யார் நின்னா?"ன்னும் ஒரு கேள்வி கேளுங்க. நம்ம வீட்டுப் பொடியன்கள் அதைக் கேட்டு வளரட்டும். கிரவுண்டுல கடைசியா வர்றவனையும், ஓட முடியாதவனையும் கோலியா நிப்பாட்டுற வழக்கம் அப்போதான் போகும்.

விருதுங்கிறது வெறும் தகடுதானே, அதுக்கு இவ்வளவு அலட்டலான்னு கேக்கலாம். அடுத்த தலைமுறைக்கு எந்த வேலை பெரிய வேலைன்னு ஒரு அரசாங்கம் சொல்ற பட்டியல் அது. எழுபது வருஷமா அந்தப் பட்டியல் "தடுக்கறது வேலையே இல்லை"ன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கு. ஸ்ரீஜேஷ் அதுல ஒரு ஓட்டை போட்டிருக்கார். அந்த ஓட்டை வழியா ஃபிரான்சிஸையும் உள்ள கூட்டிட்டு வரணும்ங்கிறதுதான் என் ஆசை.

உங்க ஊர்ல யாராவது பழைய கோலி இருந்தா அவரைப் பத்தி எழுதுங்க. நான் ஊருக்குப் போறப்போ, அவர் வீட்டுக்குப் போயி ஒரு சால்வை போட்டுட்டு வரேன்.

டிஸ்கி: கண்ணூர்க்காரருக்காகத் தமிழன் ஏன் எழுதணும்னு கேக்கப் போற அண்ணாச்சிகளுக்கு: சோனாப்பூர் வந்து பாருங்க. ஒரே அறையில ஆறு ஊர்க்காரங்க ஒரே அடுப்புல சமைக்கறோம். ஒரு கோலிக்காகச் சேந்து குரல் கொடுக்கறது அதை விடப் பெரிய விஷயமா என்ன?